எனக்காக எடுத்த சைக்கிள்

இதை எழுத வேண்டும் என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். கொப்பியை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அதோடு மூடி வைத்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்கு எழுத்து வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சாட்டு. வெட்கம்தான் என் கையைப் பிடித்து வைத்திருந்தது. அம்மன் வாசலில் நின்று, எழுதவா விடவா என்று பல வெள்ளிக்கிழமை கேட்டிருக்கிறேன். அவள் என்ன சொல்வாள், சொல்ல வேண்டியவன் நான்தானே.

பெற்றோல் இல்லாமல் போன வருஷம் என் மனைவிக்குப் பாரிசவாதம் வந்தது. காலையில் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறியது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விடும்போது, கை கால் பயிற்சி கொடுக்கிற பிள்ளை என்னைத் தனியே கூப்பிட்டது.

"ஐயா, இந்த மூண்டு மாசமும்தான் முக்கியம். கிழமைக்கு மூண்டு நாள் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ. விட்டீங்களெண்டால் பிறகு கை திரும்புறது கஷ்டம்."

எங்கள் வீடு உட்துறைமுகப் பக்கம். ஆஸ்பத்திரிக்கு இரண்டு மைல் கட்டைக்கு மேல் வரும். ஓட்டோக்கள் எல்லாம் பெற்றோல் வரிசையில் கிடந்தன. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற சனத்துக்குள் அவளை ஏற்ற ஏலாது. முதல் கிழமை ஒரு நாளும் போகவில்லை. அவளுடைய கை, வேறு யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி மடியில் கிடந்தது. விரல்களை ஒவ்வொன்றாக விரித்து விடுவேன். அவை திரும்ப மடங்கிக்கொள்ளும். நாட்களை எண்ணி எண்ணி சாமிப் படத்துக்கு முன்னால் அழுதேன். அழுதுவிட்டு, ஒரு சைக்கிள் எடுப்போம் என்று எழும்பினேன்.

சைக்கிள் கடைக்காரர் கிண்ணியா ஆள், என்னைவிட இளையவர். அந்த நாட்களில் அவருடைய கடையில் நிற்க இடம் இருக்காது.

"ஆருக்கு அண்ணே சைக்கிள்?"

"எனக்குத்தான். வீட்டுக்காரியப் பின்னால வச்சு ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போகோணும். அவவுக்கு ஒரு பக்கம் ஏலாது."

அவர் என் உயரத்தை ஒருமுறை பார்த்தார். நான் கட்டை ஆள். பிறகு ஒரு பழைய லேடீஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். குறுக்கே பார் இல்லை. சில்லும் சின்னது.

"இத எடுங்க. அக்கா கரியர்ல இருந்தா நீங்க பின்னால கால் வீசி ஏற ஏலாது. முன்னாலதான் கால் போடணும். இதுல சும்மா கால வச்சு ஏறலாம். நிப்பாட்டினா ரெண்டு காலும் நிலத்துல முட்டும். அவங்க பாய்ஞ்சு இறங்க மாட்டாங்கதானே. நீங்கதான் சைக்கிளப் பிடிச்சு நிக்கணும்."

காற்றடிக்க வந்திருந்தவன் ஒருவன் இதைக் கேட்டுவிட்டான். என்னோடு துறைமுக ஜெட்டியில் மூட்டை இறக்குகிறவன்.

"என்ன மச்சான், முன்னால பூக்கூடையும் கட்டுவியோ? ரெண்டு பின்னலும் போட்டு விடட்டோ?"

கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, மூலையில் நின்ற இருபத்தெட்டு அங்குலச் சில்லு வைத்த உயரமான ஆம்பிளைச் சைக்கிளைக் காட்டினேன்.

"உதுதான் பாரம் தாங்கும்."

கடைக்காரர் விடவில்லை. "அப்ப அக்காவ ஒருக்காக் கூட்டி வந்து, ஏத்திப் பாத்திட்டு எடுங்க அண்ணே. நான் ஆருக்கும் குடுக்காம வைக்கிறன்."

"இல்லைத் தம்பி, பன்னிரண்டுக்கு ராகுகாலம் தொடங்குது. அதுக்குள்ள எடுக்கோணும்."

ராகுகாலம் உண்மைதான். ஆனால் அன்று எனக்கு அது பயமில்லை, போர்வை. அந்தச் சிரிப்பிலிருந்து தப்புவதற்குத் தெய்வ காரியத்தை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். நேரே கோயிலுக்கு உருட்டிப் போய், ஹான்டிலுக்குச் சந்தனம் வைத்து, தேசிக்காயைச் சில்லால் நசித்தேன்.

கரியரில் தலையணை கட்டினேன். ஏலாத கால் சில்லுக்குள் போய்விடும் என்று, பழைய சேலைத் துண்டால் அதைக் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். வீட்டுக்கு முன்னால் இருக்கிற மதகுக் கட்டில் ஏறி நின்றுதான் என்னால் அந்தப் பாருக்கு மேலால் கால் போட முடிந்தது. ஆஸ்பத்திரி வாசலிலும் அப்படி ஒரு கட்டு இருந்தது. வழியில் எங்கும் நிற்கக் கூடாது என்று முருகனை நினைத்துக்கொண்டே மிதித்தேன். இரண்டு நாள் அப்படிப் போய் வந்தோம். இரண்டாம் நாள் பயிற்சியில் அவளுடைய சுட்டுவிரல் அசைந்தது. நான் கண்ணால் கண்டேன். அவளும் கண்டாள். வரும் வழியெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் குழறிக் குழறிச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

மூன்றாம் நாள், துறைமுகத்து ஏற்றத்தில், பெற்றோல் வரிசை வீதியை அடைத்துக்கொண்டு நின்றது. நிற்பாட்ட வேண்டி வந்தது. காலை ஊன்றினேன். பெருவிரல் நுனி மட்டும்தான் நிலத்தில் பட்டது. குதித்து இறங்கப் பார்த்தேன், பார் விடவில்லை. சைக்கிள் இடது பக்கம் சரிந்தது. அந்தப் பக்கம்தான் அவள் கால்களைத் தொங்கவிட்டு இருந்தாள். கால் கட்டியிருந்ததால் அவளால் விலகி விழக்கூட முடியவில்லை. எலும்பு முறிந்த சத்தத்தை நான் கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் தாதி, எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறக்க முன்னம் மனைவி சொன்னாள்: "நா...ய். நாய் குறுக்க வந்தது."

நாய் வரவில்லை. ஒரு கோழிக்குஞ்சும் வரவில்லை. பார்க்க வந்த எல்லாருக்கும் அதன்பிறகு நானும் அந்த நாயைத்தான் சொன்னேன்.

காலுக்கு மாக்கட்டுப் போட்டு இரண்டு மாதத்துக்கு மேல் கிடத்தினார்கள். நான் அந்த உயரச் சைக்கிளைக் கொடுத்துவிட்டு, பார் இல்லாததை எடுத்தேன். அதில் ஜெட்டிக்குப் போனபோது ஒருவரும் சிரிக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பார்க்காத முகங்களுக்காகவா நான் இதைச் செய்தேன் என்று வாய்விட்டு அழலாம் போல இருந்தது. மாக்கட்டு வெட்டிய பிறகு அவளை அதில் ஏற்றிக் கொண்டு போனேன். ஒருமுறையும் சரியவில்லை. பயிற்சி கொடுக்கிற பிள்ளை அவளுடைய சுட்டுவிரலைப் பிடித்து, அசைக்கச் சொல்லிப் பார்த்தது. விரல் அசையவில்லை.

"இனி இருக்கிறதக் காப்பாத்துவம் ஐயா."

இன்று அவள் பொல்லோடு நடக்கிறாள். கை மடங்கியபடியேதான். காலையில் நான் அதை விரித்து, உள்ளங்கை வியர்வையைத் துடைத்து, திருநீறு பூசி விடுகிறேன். விட்டதும் மடங்கிவிடும். இதை எழுதப்போகிறேன் என்று போன கிழமை அவளுக்குச் சொன்னேன்.

"நாய் எண்டே எழுதுங்கோ. சனம் உங்களப் பேசும்."

"ஏலாது" என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாசிக்கிறவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். ஏலாத ஒருவரை ஏற்றிப் போக யாராவது சைக்கிள் பார்த்தால், அவரையும் கடைக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். ஏற்றி, இறக்கி, நடுவில் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். என் கதையையும் சொல்லுங்கள், எழுதினபடியே. எனக்காக இரங்கி எதையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அந்தக் கடையில் நானும் சேர்ந்து சிரித்ததை விட்டுவிடாதீர்கள்.