கேட்காத கடை வைத்த கடுக்காய் பாய்

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். கடுக்காய் பாய் இறந்துபோன செய்தி வந்தபோது என் மீசையில் பாதிக்குத்தான் சாயம் ஏறியிருந்தது. மீதிப் பாதிக்கும் ஏற்றிக்கொண்ட பிறகுதான் அழுதேன்.

திருப்பத்தூரில் வழக்கமான சலூன். மலைக்கு லாரி ஓட்டும் முனிரத்தினம் வாசலில் வந்து நின்றார். "கிளார்க்கு சார், நம்ம கடுக்கா பாய் நேத்து தவறிட்டாருங்க. வாணியம்பாடியில. இன்னிக்கே அடக்கமாம்" என்றார். நான் துள்ளி எழுந்தேன். சலூன்காரர் என் தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். "பாதி மீசையோட சாவுக்குப் போனா செத்தவருக்கா சார் மரியாத?" அந்த நேரத்தில் அது நியாயமாகவே பட்டது. முழு மீசையோடு நான் போய்ச் சேர்ந்தபோது கபர்ஸ்தானிலிருந்து எல்லோரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

உங்களில் மலைப்பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. பெயர் இனாயத்துல்லா. ஜவ்வாது மலையில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாரும் வழி காட்டமாட்டார்கள். தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும். கடுக்காய் எங்கள் காட்டில் விளைகிறது. வாணியம்பாடித் தோல் முதலாளி ஒருவருக்காக அதை வாங்கிச் சேர்க்க ஒவ்வொரு தை மாதமும் மலையேறி வருகிறவர், ஆகவே கடுக்காய் பாய். லாரி கீழே இறங்க வனத்துறை பர்மிட் வேண்டும். அதை எழுதித் தரும் குமாஸ்தா அடியேன். அவர் கொட்டகையும் என் ஆபீசும் எதிரும் புதிருமாக இருந்தன. சுற்றிலும் காடு. காவலூரில் இப்போது நட்சத்திரம் பார்க்கக் கூடம் கட்டுகிறார்கள் என்று கேள்வி. எங்கள் காலத்தில் அந்த மலையில் பார்ப்பதற்கு அவருக்கு நான் இருந்தேன், எனக்கு அவர் இருந்தார். அவ்வளவுதான்.

நாலு லாரிக்கும் சேர்த்து ஒரே நேரத்தில் பர்மிட் வாங்கிக்கொண்டு போகலாம். அவர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வந்து நிற்பார். ஒருநாள் எரிந்து விழுந்தேன். "ஏன் பாய், மொத்தமா வாங்கிட்டுப் போனா இன்னா?"

"மொத்தமா வாங்கிட்டா அடுத்த தபா இன்னா சாக்கு சொல்லிகினு வர்றது சார்?" என்றார்.

அன்றிலிருந்து நானும் பர்மிட்டில் ஏதாவது ஒரு கையெழுத்தை மறந்துவிட ஆரம்பித்தேன். மேலிடத்துக்குத் தெரிந்திருந்தால் மெமோ வந்திருக்கும். அங்கே எங்களை நினைத்துப் பார்க்க யாரும் இல்லாததால் பிழைத்தோம்.

நடுவில் இரண்டு வருடம் அவர் வரவில்லை. கப்பலில் போகும் தோலை அங்கே பிரித்துத் தரம் பார்க்க நம்பகமான ஆள் வேண்டுமென்று முதலாளி அவரை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார். கொட்டகைக்கு வேறொரு ஆள் வந்தார். அவர் எல்லா பர்மிட்டையும் மொத்தமாக வாங்கிக்கொண்டு போகிற ரகம். அந்த இரண்டு வருடத்தில்தான் நான் நகைச்சுவை எழுதத் தொடங்கினேன். சிரிக்க ஆளில்லாதவன் செய்கிற காரியம் அது.

பாய் திரும்பி வந்ததும் மலையே கூடிவிட்டது. சீமையைப் பற்றி எதைக் கேட்டாலும், சுற்றிச் சுற்றி ஒரு கடைக்கே வந்து சேர்வார். அங்கே பெரிய பெரிய கடைகளை நம் பக்கத்துக் கல்யாண மண்டபம் போலக் கட்டியிருக்கிறார்களாம்.

"உள்ள போனா வாங்கன்னு சொல்ல ஆள் கெடயாது. கம்பிக் கூடை ஒன்னு எடுத்துக்கணும். ஆள் ஒசரத்துக்குப் பலகை பலகையா சாமான். ரொட்டிய அறுத்துக் காகிதத்துல சுத்தி வெச்சிருப்பான். பச்சப் பட்டாணி கூழாங்கல்லாட்டம் ஒறஞ்சு கெடக்கும். நீயே எடு, நீயே போடு. கடைசில ஒரு பொண்ணு மெஷினத் தட்டும், மணி அடிக்கும், தேங்க் யூன்னு சொல்லும். நம்ம மூஞ்சியப் பாத்து இல்ல, கூடையப் பாத்து."

எந்தப் பொட்டலத்தில் எந்தப் பெயரில் பன்றி ஒளிந்திருக்கிறதோ என்ற பயத்தில் முட்டையும் உருளைக்கிழங்குமாகவே காலம் தள்ளினாராம். அந்த ஊர்க்காரர்களுக்கே அந்தக் கடை புதுசு. ஒரு வெள்ளைக்காரக் கிழவி பிஸ்கோத்து டின்னுக்கு முன்னால் வெகுநேரம் நின்றாளாம். கடைக்காரன் எடுத்துக் கொடுத்தே பழகியவள். தானாகக் கை நீட்டினால் திருடி என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். இவர்தான் எடுத்துக் கொடுத்தாராம். "ரெண்டு வருஷத்துல அந்தக் கடையில எங்கூடப் பேசின ஒரே ஆளு அந்தக் கெழவிதான்" என்றார்.

ஊர்க்கவுண்டர் சடையன் சாமைக் களி உருட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "ஏன் பாய், உள்ள போனா வான்னு கூப்புட மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"திரும்பறப்ப வர்றேன்னு சொல்லிக்க மாட்டீங்களா?"

"யார்கிட்ட சொல்றது?"

"அப்ப அது கடையில்ல பாய். சாவு வூடு. கடைன்னு சொல்லி உன்ன ஏமாத்திட்டானுங்க."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பாய் மட்டும் கவுண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடுக்காய்ப் பருவம் பங்குனியோடு முடிந்துவிடும். பிறகு அவர் கீழே இறங்கியாக வேண்டும். மனைவி காலமாகி, மகள்கள் தூரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தார்கள். "கீழ எனக்கு யார் சார் இருக்கா? செவுரும் நானும்தான்" என்பார். மலையில் ஒரு கடை வைத்தால் வருடம் முழுவதும் இங்கேயே இருந்துவிடலாம். இந்த இடத்தில்தான் அவர் மூளை சீமைக்குப் போனது. நம் ஊர்க் கடைக்காரன் தராசைப் பிடிப்பதிலும் பொட்டலம் மடிப்பதிலுமே பொழுதைக் கழிக்கிறான். சனங்கள் தாங்களே எடுத்துக்கொண்டால்? "எனக்குக் கையும் சும்மா இருக்கும், வாயும் சும்மா இருக்கும். நாளெல்லாம் உக்காந்து பேசலாம் சார்!" வெள்ளைக்காரன் பேச்சை ஒழிக்கக் கண்டுபிடித்த ஏற்பாட்டை, பேசுவதற்காக இறக்குமதி செய்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

கொட்டகையில் மூங்கில் தட்டுகள் கட்டினார். உப்பு, தீப்பெட்டி, வெல்லம், சேலை, கண்ணாடி வளையல் எல்லாம் கைக்கெட்டும் உயரத்தில். கம்பிக் கூடைக்குப் பதில் மூங்கில் கூடை. பணம் இல்லாதவர்கள் புளியோ தேனோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகலாம். வாசலருகே ஒரு முக்காலி போட்டுப் பாய் உட்கார்ந்தார், பேசத் தயாராக.

சனங்கள் வந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். கூடையை எடுத்து, வேண்டியதைப் போட்டு, புளியை வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் வெளியேறினார்கள். "இன்னா மாமா, சேதி?" என்று பாய் கேட்டால் கையால் வாயைப் பொத்தி, வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு நடந்தார்கள். ஒரு பொருள் கூடுதலாகப் போகவில்லை. ஒரு சொல்லும் வரவில்லை. நான் ஓடைப்பக்கம் போனபோது பார்த்தேன்: பெண்கள் உப்பையும் தீப்பெட்டியையும் பாறைமேல் பத்திரமாக வைத்துவிட்டுத் தலைமுழுகிக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டுக்குப் போய்வந்தால் குளிக்காமல் வீட்டுக்குள் நுழையக் கூடாதல்லவா?

நான் சிரித்துக்கொண்டே போய் இதைப் பாயிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "அங்கயாச்சும் தெரியாத சனம் சார். இங்க ஒவ்வொருத்தர் வூட்டுலயும் தின்னுருக்கேன்" என்றார். மறுநாள் மூட்டை கட்ட ஆரம்பித்தார்.

நான் கவுண்டரிடம் ஓடினேன். அவருக்கு என் கோபம் விளங்கவே இல்லை. "அவரு சொன்ன மொறப்படிதான சார் நடக்கறோம்? நம்ம மலைக்காரங்களுக்கு நாகரிகம் தெரியலன்னு பாய் மனசு நோகக் கூடாதுன்னு ஊர்க்கூட்டத்துல பேசி முடிவு பண்ணோம்."

"அவர் பேசறதுக்காகத்தான் கடையே வெச்சார், கவுண்டரே."

கவுண்டர் நெற்றியைத் தடவினார். "அடக் கடவுளே. ஆனா சாவு மொற நடந்த எடத்துல திடீர்னு எப்படி வாய் தொறக்கறது? காரியம் பண்ணிட்டா அப்பறம் பேசலாம். யாருக்குன்னு மட்டும் பேரு வேணும்."

இந்தக் கேள்வியோடு ஊரே கொட்டகைக்கு முன்னால் வந்து நின்றது. மூட்டைமேல் உட்கார்ந்திருந்த பாய் யோசித்தார். பிறகு, "பிஸ்கோத்துக் கெழவி" என்றார். "பேரு தெரியாது. ஆனா இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும், வயசான பொம்பள."

இப்படியாக, ஒரு வெள்ளைக்காரக் கிழவிக்கு ஜவ்வாது மலையில் காரியம் நடந்தது. சாமைச் சோறும் வெல்லமும் படைத்தார்கள். "நீ ஒன்னும் பண்ண வேணாம் பாய், உம்மதம் வேற. பக்கத்துல நின்னா போதும்" என்றார் கவுண்டர். பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் நின்றார். எல்லாம் முடிந்ததும் கவுண்டர் கடைக்குள் நுழைந்து, திரும்பிப் பார்த்து, மலை அதிரக் கேட்டார்: "இன்னா பாய், வாங்கன்னு சொல்ல மாட்டியா?"

பாய் ஓடிப்போய்த் தன் முக்காலியை அவருக்கு இழுத்துப் போட்டார். தட்டுகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கடையில் பேச்சு மட்டும்தான் நடந்தது. வாங்க வந்தவர்கள் எதற்கு வந்தோம் என்பதை மறந்து வெறுங்கூடையோடு வீட்டுக்குப் போய்த் திட்டு வாங்கினார்கள். பாய் மலையிலேயே தங்கினார். எனக்குத்தான் மாற்றல் வந்தது. லாரியில் ஏறி உட்கார்ந்த என்னிடம், "சார், ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு பாரு" என்றார். எதிலும் எதுவும் விட்டுப்போகவில்லை. இறங்கிப் போய்ச் சும்மா ஒரு கையெழுத்துப் போட்டேன். உடம்புக்கு முடியாமல் வாணியம்பாடிக்கு இறங்கிவிட்டார் என்று பின்னாளில் கேள்விப்பட்டேன். பக்கத்து ஊர்தானே, போகலாம் போகலாம் என்று இருந்துவிட்டேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு பழக்கம். திருப்பத்தூர் ஆபீசில் என் மேஜைக்கு முன்னால் வருகிறவர்கள் கையில் தாளை நீட்டிக்கொண்டு பேசாமல் நிற்பார்கள். தாளை வாங்குமுன் "வாங்க, இன்னா சேதி?" என்று கேட்டுவிடுவேன். பலர் பயந்துபோய் வேலையைச் சொல்கிறார்கள். எப்போதாவது ஒருவர் சேதியைச் சொல்கிறார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்குகிறது.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அன்று வாணியம்பாடியில் எனக்குத் தேநீர் கொடுத்தவர் பாயின் தம்பி. தம்பி ஒருவர் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பாய் வீட்டுக்கு அடுத்த வீட்டிலேயே குடியிருக்கிறார். சீமைக் கடையைப் பற்றி நான் பேச்செடுத்ததும் அவர் முகம் மலர்ந்தது. "பாய்ஜான் உங்ககிட்டயும் சொன்னாரா? ரெண்டு வருஷமும் அங்க நாங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்தான் சார். அவருக்குக் குளிர் ஆகாது, வேல விட்டா ரூமுக்கு வந்துடுவாரு. கடைக்கெல்லாம் நான்தான் போவேன்."