செல்லதுரை வாசலில் ஷாமியானா

மங்களாம்பிகை என் சித்தி மகள். முத்துப்பேட்டைப் பக்கம் பிறந்து, குடவாசலுக்குக் கிழக்கே துரைக்கண்ணுவுக்கு வாக்கப்பட்டவள். பண்டிகை என்றால் கடைக்கு ஓடுகிற ஆள் இல்லை. ஆடியிலேயே கொல்லையில் மஞ்சளும் இஞ்சியும் ஊன்றிவிடுவாள். மார்கழி பூராவும் கோலத்தில் வைக்கிற சாணிப் பிள்ளையாரைப் பரங்கிப்பூவோடு வரட்டியாகத் தட்டிக் காயவைப்பாள். தைப்பொங்கலுக்கு அடுப்பு எரிவது அதில்தான். அரிசி, வயலில் முந்தி முற்றிய மூலையில் அறுத்தது. வெல்லம் ஒன்றுதான் கடையில் வாங்குவது.

இவ்வளவு இருந்தும் அவள் வீட்டில் பானை பொங்கி நாளாயிற்று. துரைக்கண்ணுவின் பங்காளிகள் பெரிய கூட்டம். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் அந்த வருஷம் மற்றவர்களும் பொங்கல் வைக்கக் கூடாது. ஒரு வருஷம் சின்ன மாமனார், அடுத்த வருஷம் அவர் சம்சாரம், அப்புறம் கொரடாச்சேரியில் இருந்த கொழுந்தன் என்று தை பிறப்பதற்குள் யாராவது போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தார்கள்.

இந்தத் தைக்கு மகன் ராஜராஜன் கத்தாரிலிருந்து குடும்பத்தோடு லீவில் வந்திருந்தான். அங்கேயே வளர்ந்த பேத்தி பானை பொங்கிப் பார்த்ததே இல்லை. இதை விட்டால் எப்போது வருவார்களோ! ஆனால் துரைக்கண்ணுவின் பெரியப்பா செல்லதுரை, தொண்ணூறைத் தாண்டியவர், மூச்சுத் திணறி கும்பகோணத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். விளக்கேற்றும்போதெல்லாம் மங்களம் அவருக்காகத்தான் வேண்டிக்கொண்டாள்.

"என்னம்மா, தாத்தா மேல திடீர்னு இவ்ளோ பாசம்?" என்றான் மகன்.

"பாசமா? அவரு மூச்சுலதான்டா நம்ம பானை கெடக்கு."

போகியன்று காலை வயலுக்குப் போன துரைக்கண்ணு பாதி வழியிலேயே திரும்பி வந்தார்.

"போச்சு மங்களம். பெரியப்பா வாசல்ல ஷாமியானா கட்டுறாங்க. பிளாஸ்டிக் சேர் வந்து எறங்குது."

"போன் போட்டுப் பாத்தீங்களா?"

"எடுக்கல. சாவு வீட்ல எவன் எடுப்பான்?"

மங்களம் பறித்து வைத்திருந்த மஞ்சள் கொத்தையும் இஞ்சிக் கொத்தையும் எடுத்துக்கொண்டு போய் அடுத்த வீட்டுப் பூர்ணிமாவிடம் கொடுத்தாள். அவர்கள் வேறு வகையறா. "நீயாவது பானையில கட்டுடி." வீட்டுக்கு வந்து புதுப்பானையைக் கவிழ்த்து வைத்தாள். பேத்தி, "ஏன் அப்பாயி?" என்றாள்.

சாவு வீட்டுக்குப் போக, ஆள் வந்து சொல்லும்வரை பங்காளி காத்திருப்பது மரியாதை இல்லை. துரைக்கண்ணு கடைத்தெருவில் சம்பங்கி மாலை ஒன்று வாங்கினார். மங்களம் கூந்தலை அவிழ்த்துவிட்டாள். தெருமுனையிலேயே குரலெடுத்து, "என்னப் பெத்த மாமா!" என்று மாரில் அடித்துக்கொண்டு போனாள்.

ஷாமியானாவுக்குக் கீழே, தலையில் மப்ளரோடு, நீலச் சேரில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார் செல்லதுரை.

"யாருடி ஆத்தா போனது?"

மங்களம் மாரில் அடித்த கையை இறக்கினாள். துரைக்கண்ணு மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அது நீள மாலை, தரையில் புரண்டது.

"அது யாருக்குடா?"

"உங்களுக்குத்தான் மாமா!" என்றாள் மங்களம். "ஆஸ்பத்திரிய ஜெயிச்சுட்டுல்ல வந்திருக்கீங்க! போடுங்களேன், என்ன மரமாட்டம் நிக்கிறீங்க!"

துரைக்கண்ணு போட்டார். ஏணியில் நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்த கிழவரின் மகன் விழுந்து விழுந்து சிரித்தார். "நேத்தே டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்கப்பா. தூறல் விடலியே, நாளைக்கு அடுப்பு நனையக் கூடாதேன்னு பந்தல் போடுறோம். சேரு, அப்பாவப் பாக்க வர்றவங்க உக்கார. போன் போட்டிருந்தாலும் கேட்டிருக்காது, அது உள்ள கெடக்கு."

செல்லதுரை மாலையை மோந்து பார்த்தார். "வாசனையாத்தான் இருக்கு. இப்பவே போட்டாச்சுன்னு அப்புறம் போடாம விட்ராதீங்க. ஏம்மா, முடிய அள்ளி முடி. போயி பானையக் கழுவு."

அவள் நடந்துகொண்டே கொண்டை போட்டாள். நேரே பூர்ணிமா வீட்டு வாசல்.

"மஞ்சக்கொத்தக் குடுடி."

"குடுத்தத யாராவது திருப்பிக் கேப்பாங்களாக்கா? அப்ப சாவலியா?"

"சாவலடி! கஞ்சி குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு மகராசன்!"

மறுநாளும் தூறல்தான். மங்களம் வீட்டுக் கொட்டகையில் அடுப்பு மூட்டி, மஞ்சள் கொத்து கட்டிய பானையை ஏற்றினார்கள். வரட்டி முதலில் புகைந்தது, பிறகு பிடித்துக்கொண்டது. பால் விளிம்புக்கு வருமுன்பே பேத்தி, "பொங்கலோ பொங்கல்!" என்று கத்த ஆரம்பித்தாள், பொங்கி வழிந்து அடங்கிய பிறகும் நிறுத்தவில்லை. மங்களம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றாள்.

படைத்ததும் முதல் தூக்குவாளி செல்லதுரைக்குப் போனது. கழுவித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கொண்டுவந்த ராஜராஜன் சொன்னான்: "வெல்லம் பத்தலைன்னாரும்மா தாத்தா. அடுத்த வருஷம் கூடப் போடணுமாம்."

"போடுறேன்னு சொல்லு," என்றாள். "அவர இருக்கச் சொல்லு."