அம்மா கொடுத்துச் சென்ற கண்கள்

எங்கள் அருமை அம்மா கர்த்தருக்குள் இளைப்பாறி ஓராண்டு ஆகிறது. 1991-ஆம் ஆண்டின் இந்த நினைவு நாளில், துக்கத்தைவிடப் பெருமையோடுதான் இதை எழுதுகிறேன்.

செம்பரம்பாக்கத்தில் பிறந்த அம்மா பிள்ளைப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டார். அப்பா இளவயதிலேயே இறந்துபோக, நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் என்னையும் தங்கையையும் வளர்த்தார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலை வந்ததும் அதன் கேன்டீனில் சமையல் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு எனக்கும் அங்கேயே இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் வேலை கிடைத்தது. ஒருநாள் அந்த மெஷினில் என் வலது கையின் மூன்று விரல்கள் போயின. ஆஸ்பத்திரியில் எனக்குச் சோறு ஊட்டியதும், இடது கையால் எழுதப் பழக்கியதும் அம்மாதான்.

பின்னொரு நாள் கண் மருத்துவர்கள் கேன்டீனுக்கு வந்து, இறந்தவரின் கண்ணால் பார்வையற்றவருக்குப் பார்வை தர முடியும் என்று விளக்கினார்கள். அம்மா அன்றே பெயர் கொடுத்துவிட்டு வந்தார். சபை மூப்பரான சித்தப்பா மனம் வருந்தினார். ஆண்டவர் தந்த உடலில் கைவைக்கலாமா, உயிர்த்தெழும் நாளில் கண்ணில்லாமல் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று கேட்டார். அம்மா என் கையைத் தூக்கிக் காட்டினார்.

“தம்பி, மிஷின்ல போன இவன் வெரலு அன்னிக்குத் திரும்பி வருமா, வராதா?”

“வரும் அண்ணி.”

“இவனுக்குக் குடுக்கறவரு எனக்கு மட்டும் இல்லன்னுடுவாரா?”

 அப்போதும் சித்தப்பா சம்மதிக்கவில்லை.

ஒரு ஞாயிறு காலை, கோயிலுக்குப் புறப்படும்போது நெஞ்சு வலிக்கிறதென்று உட்கார்ந்த அம்மா பிறகு எழுந்திருக்கவேயில்லை. கண்களைச் சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். தொழிற்சாலை கேட்டிலிருந்து போன் செய்தோம். சென்னையிலிருந்து மருத்துவர்களின் வேன் வந்து நின்றபோது, முகத்தைச் சிதைத்துவிடுவார்கள் என்று உறவினர் சிலர் வாசலை மறித்தார்கள். சித்தப்பா எழுந்து வந்தார். அவர் என்ன சொல்வாரோ என்று தங்கை என்னை இறுகப் பற்றிக்கொண்டாள்.

“வழி வுடுங்க. இது அண்ணி குடுத்த வாக்கு. நான் கூட நிக்கறேன்.”

எல்லாம் முடியும்வரை அம்மாவின் தலைமாட்டில் ஜெபித்தபடி நின்றார். வெளியே வந்து, மறித்தவர்களைத் தாமே அழைத்தார். “வந்து பாருங்க. மொகம் தூங்கற மாதிரிதான் கீது.”

அடக்க ஆராதனை நடத்திய போதகருக்கும், வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்ட கேன்டீன் தோழியருக்கும், சித்தப்பாவுக்கும் எங்கள் நன்றி. இருவருக்குப் பார்வை கிடைத்ததென்று மருத்துவமனையிலிருந்து சொல்லியனுப்பினார்கள். அவர்கள் என்ன சாதி, என்ன மதம் என்று நாங்கள் கேட்கவில்லை. யாராயினும் எங்கள் உடன்பிறந்தவர்கள். கர்த்தர் அவர்களை நீடூழி வாழவைப்பாராக.