உப்பு இறங்கிய நாள்

ரத்தத்தில் ஏறிய அந்தச் சனியனுக்கு டாக்டர்கள் கிரியாட்டினின் என்று பெயர் சொன்னார்கள். ஆரணியில் அதற்கு உப்பு என்று பெயர். யாருக்காவது சிறுநீரகம் கெட்டுப்போனால் "உப்பு ஏறிடுச்சாம்" என்பார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். சமையல் உப்பு வேறு, அது வேறு என்று எனக்கும் அப்போது தெரியாது. என் வீட்டுக்காரருக்கு உப்பு ஏறிவிட்டது என்று சொன்ன அன்றைக்கு நான் முதலில் செய்த காரியம், ஊறுகாய் ஜாடியைத் தூக்கிக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டியதுதான். என்ன புத்தியோ!

அவர் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். வீட்டுக்குப் பின்னால் ஓட்டுக் கொட்டகை, அதில் இரண்டு அடுப்பு. ஒருநாள் கொதிக்கிற தண்ணீர் சிதறிக் காலில் புண்ணாகிவிட்டது. தானே ஆறிவிடும் என்று பதினைந்து நாள் கடத்தினார். மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி வேளைக்கு இரண்டு விழுங்கினார். டாக்டரிடம் போகச் சொல்லி நான் சண்டை போட்டால், பேஜார் பண்ணாதே என்று எழுந்து போய்விடுவார். பிறகு காய்ச்சல் வந்தது. ஒரு காலையில் முகம் வீங்கிப் போயிருந்தது. முந்தின நாளிலிருந்தே சிறுநீர் போகவில்லை என்பதை அப்போதுதான் வாயைத் திறந்து சொன்னார். ஊர் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இன்றைக்கே வேலூருக்குக் கொண்டுபோங்கள் என்றார்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரண்டு வருஷம் ஆகியிருக்கும். மார்ச் மாதம். எங்கள் ஒரே பெண் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். அவளை ஆரணியிலேயே அவள் அத்தை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் அவரோடு போனேன்.

வேலூரில் அவரை ஐ.சி.யு.வில் சேர்த்தார்கள். காலை பதினொரு மணிக்குப் பத்து நிமிஷம், சாயங்காலம் நாலு மணிக்குப் பத்து நிமிஷம் பார்க்கலாம். மற்ற நேரமெல்லாம் வெளியே பெஞ்சில். எனக்கு அழுகை வரவில்லை. கேன்டீனில் இட்லி தின்றேன், தின்றதாக ஞாபகம் இருக்கிறதே தவிர ருசி ஞாபகமில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என் தோளைத் தொட்டு, அழுதுவிடு, நெஞ்சில் வைத்துக்கொள்ளாதே என்றாள். எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. நெஞ்சில் ஒன்றுமே இல்லை, எதை அழுவது? சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் படத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் ஒரு சிஸ்டர் வெளியே வந்து ரத்தப் பரிசோதனை முடிவைப் படித்துச் சொல்வாள். அந்தத் தாளில் பத்துப் பன்னிரண்டு வரிகள் இருக்கும். பொறுமையான பெண், எல்லாவற்றையும் படிப்பாள். நான் ஒன்றே ஒன்றைத்தான் என் துண்டுக் காகிதத்தில் எழுதுவேன். முதல் நாள் ஏழு. மறுநாள் எட்டரை. அதற்கடுத்த நாள் ஒன்பதைத் தாண்டிவிட்டது. மற்ற வரிகள் என் காதில் விழுந்ததோடு சரி.

எட்டு மணிக்கு நான் ஆரணியில் அத்தை வீட்டுத் தெருவில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போடுவேன். என் பெண் அங்கே வந்து உட்கார்ந்திருப்பாள். எடுத்ததும் ஒரே கேள்விதான் கேட்பாள், உப்பு இறங்கிச்சாம்மா என்று. எண்ணைச் சொல்வேன். கேட்டுக்கொண்டு வைத்துவிடுவாள். பரீட்சை எப்படி எழுதினாய் என்று நானும் கேட்கவில்லை.

நாலாம் நாள் டயாலிசிஸ் வைத்தார்கள். ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் பண்ணித் திரும்ப உள்ளே விடும் மிஷின் என்று விளக்கினார்கள். எனக்கு அது நன்றாகவே புரிந்தது, அதுதான் வினை. எங்கள் கொட்டகையிலும் அதே வேலைதானே. கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்து அதன்மேல் இருக்கும் பசையை எடுப்போம். பசை போனால் எடை இறங்கும். கிலோவுக்குக் கால் கிலோ இறங்கிவிட்டால் இவர் முகத்தில் சிரிப்பு வந்துவிடும், இனிமேல் எந்தச் சாயமும் பிடிக்கும் என்பார். இருபது வருஷம் அடுப்புப் பக்கத்தில் நின்று "இறங்கிச்சா, இறங்கிச்சா" என்று கேட்டவள் நான். இறங்கினால் நல்லது. எங்கள் வீட்டில் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது.

மறுநாள் ஐந்தரை. ஆறாம் நாள் காலையில் சிஸ்டர் நாலு என்றாள். இன்னொரு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு போனுக்கு ஓடினேன். அத்தனை நாளில் அன்றைக்குத்தான் என் கால் தரையில் படுவது எனக்கே தெரிந்தது.

என் பெண் கேட்டுவிட்டு, தனக்கு இன்றைக்குப் பரீட்சை இல்லை என்றாள். மறுநாள்தான் கெமிஸ்ட்ரி.

"ஒரு நடை வந்து அப்பாவப் பாத்துட்டு சாயங்காலமே போயிடறேம்மா."

"ஒண்ணும் வேணாம். உப்பு நல்லா இறங்கிடுச்சு. எழுதி முடிச்சிட்டு நிம்மதியா வா, அப்பா ஒக்காந்து பேசுவாரு."

அவள் சரி என்று வைத்துவிட்டாள். நான் அதட்டிச் சொல்லவில்லை. சந்தோஷமாகத்தான் சொன்னேன்.

பதினொரு மணிக்கு உள்ளே விட்டார்கள். மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் மாஸ்க், கழுத்தில் குழாய். ஆனால் கண் தெளிவாக இருந்தது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். கையால் மாஸ்கை நகர்த்தி, பாப்பா எங்கே என்று கேட்டார். அவளுக்குப் பரீட்சை என்று சொல்லியிருந்தால் போதும், அவருக்குப் புரிந்திருக்கும். நான் ஏன் மாற்றிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. சந்தோஷத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"வந்துகினு இருக்கா. பஸ் ஏறிட்டா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். என் பத்து நிமிஷம் முடிந்து சிஸ்டர் கூப்பிடும்போது மறுபடி கண்ணைத் திறந்தார்.

"கண்ணமங்கலம் தாண்டியிருப்பா இல்ல?"

"தாண்டியிருப்பா" என்றேன். அவர் தலையைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். நான் வெளியே வந்தேன்.

வெளியே ஒரு இளம் டாக்டர் எனக்காக நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதுமே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரத்தத்தில் லாக்டேட் என்று ஒன்று மூன்று நாளாக ஏறிக்கொண்டே போகிறது, தட்டணுக்கள் குறைகின்றன, பிரஷர் மருந்தால்தான் நிற்கிறது, புண்ணிலிருந்து கிருமி உடம்பு முழுக்கப் பரவிவிட்டது என்றார். நான் என் காகிதத்தை நீட்டி, உப்பு நாலுக்கு இறங்கிவிட்டதே சார் என்றேன்.

"அது மிஷின் இறக்கினதும்மா. அவரோட கிட்னி இறக்கல."

வர வேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். லாக்டேட்டையும் அந்தச் சிஸ்டர் தினமும் படித்துக்கொண்டுதான் இருந்தாள். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் இல்லை, அதனால் நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் மட்டும் அவர் பிழைத்திருப்பாரா என்றால், மாட்டார். ஆனால் பெண்ணை வரச் சொல்லியிருப்பேன்.

திரும்பப் போன் போட்டேன். பூத்துக்காரம்மா கடையைப் பூட்டிக்கொண்டு தானே போய்ச் சொன்னாள். அத்தையும் பெண்ணும் கிளம்பி பஸ் பிடிக்க ஒரு மணிக்கு மேல் ஆகிவிட்டது. அவர்கள் வருவதற்குள், மூன்று மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்தது. அப்போது என்னை உள்ளே விட்டார்கள், பத்து நிமிஷக் கணக்கெல்லாம் இல்லை. அவர் தலை நான் விட்டுவந்தபடி கதவுப் பக்கமே திரும்பியிருந்தது. அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. சிஸ்டர்தான் முகத்தைத் திருப்பி நேராக வைத்தாள்.

என் பெண் கெமிஸ்ட்ரியை அடுத்த தடவை எழுதிப் பாஸ் பண்ணினாள். மேலே படித்தாள், வேலைக்குப் போனாள். அந்த நாளைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதில்லை. அவள் கல்யாணத்துக்கு முந்தின நாள், கூடத்தில் உட்கார்ந்து தாம்பூலப் பைகளில் வெற்றிலை பாக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். கையை நிறுத்தாமலேயே கேட்டாள்.

"அன்னிக்கு அப்பா என்னைக் கேட்டாராம்மா?"

"இல்ல. தூங்கிகினுதான் இருந்தாரு."

அவள் கையிலிருந்த பையை நிரப்பி ஓரமாக வைத்தாள். பிறகு, நல்லவேளை என்றாள்.

"அப்போ நான் வரலன்னு அவருக்குத் தெரியாது."

"தெரியாது" என்றேன்.