சொம்பில் துப்பாத மிடறு

நினைவுக் குறிப்புகளைச் சேகரிக்கும் ஐயா, அம்மா, வணக்கம். பணி ஓய்வுக்குப் பின் நான் குடியேறிய திருமுல்லைவாயில் அடுக்ககத்தில், எதிர்வீட்டில் ஒருவர் வசித்தார். கணினி நிறுவன வேலை போக எஞ்சிய நேரத்தில், கிரேக்கம், தென் இத்தாலி முதலிய இடங்களின் பெயர் பரவாத சிவப்பு வைன்களைச் சுவைத்து இணையத்தில் மதிப்புரை எழுதுவார். மெலிந்த உடல், உறக்கம் போதாத கண்கள். ஒவ்வொரு மிடறையும் வாயில் சுழற்றிவிட்டு எவர்சில்வர் சொம்பில் துப்பிவிடுவார்.

"இன்னா தம்பி, துப்பறதுக்கா இம்மாந்தூரத்துலேர்ந்து வரவழைக்கிற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"முழுங்கினா நாலாவது கிளாஸ்ல எல்லாமே பிரமாதம்னு எழுதிடுவேன் சார்."

சென்ற மழைக்காலத்துக் காய்ச்சல் அவருடைய நுகரும் திறனைப் பறித்துக்கொண்டது. மாதங்கள் கடந்தும் அது திரும்பவில்லை. ஒரு மாலை என்னை அழைத்து, கிரேக்கப் புட்டி ஒன்றைத் திறந்து கோப்பையை நீட்டினார்.

"நான் குடிக்க மாட்டேன், தெரியுமில்ல?"

"மோந்து மட்டும் பாருங்க சார். என்ன வாசனை வருது?"

"தக்காளி வத்தல் மாரி கீது, தம்பி."

அதைத் தட்டச்சு செய்தார். சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு அழித்தார்.

"ஏன், நல்லாத்தானே கீது?"

"மூக்கு உங்களுது, பேரு என்னுது. படிக்கிறவங்க என்னை நம்பி வாங்குவாங்க சார்."

மடிக்கணினியை மூடிவிட்டுக் கோப்பையை எடுத்துக் குடித்தார். சொம்பு அருகிலேயே இருந்தது. அவர் அதன் பக்கம் திரும்பவில்லை.

மணமறியாமல் விழுங்கிய அந்த மிடறு எவ்வாறிருந்தது என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. அதன்பின் அவர் எழுதுவதையே விட்டுவிட்டார்; அழித்துவிட்ட அந்தக் கடைசி மதிப்புரை எங்கும் வெளிவராததால், இந்தக் குறிப்பையாவது தாங்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டுகிறேன்.