ரவாங் குட்டையில் கனகத்தின் மீன்

ரயில்வே பட்டறையில் மதியச் சங்கு ஊதி, நான் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்திருந்தேன். கிள்ளான் ரயிலில் வந்து இறங்கிய முத்தையா நேராக என்னிடம் வந்து நின்றான். கிள்ளான் சரக்குக் கொட்டகையில் வேலை பார்ப்பவன். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வந்தால் முதலில் என் பாத்திரத்தை எட்டிப் பார்ப்பான், பிறகுதான் பேச்செல்லாம். அன்று எட்டிப் பார்க்கவில்லை. "சிதம்பரண்ணே போயிட்டாருண்ணே. விடியக்காலைல, ஆஸ்பத்திரியில" என்றான். காய்ச்சல் முற்றிவிட்டது என்று போன வாரமே தெரியும். தெரிந்திருந்து என்ன? பாத்திரத்தை மூடி வைத்துவிட்டேன்.

கிள்ளான் ஸ்டேஷனில் டிக்கெட் வாங்கிய எவருக்கும் அவரைத் தெரியும். நெற்றி நிறைய விபூதியோடு கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் எழுதும் கிராணி. ஆனால் உங்களில் பலர் அவரை நினைத்து அழுவது டிக்கெட்டுக்காக அல்ல. ஞாயிறுதோறும் ரவாங் குட்டைக்குப் போய், பிள்ளைகளின் பெயரைச் சொல்லி மீன் பிடித்து, உயிரோடு திருப்பி விடுகிறோமே, அந்த வழக்கத்தைத் தொடங்கியவர் அவர். அதை நிறுத்துங்கள் என்று சாகும்வரை கெஞ்சியவரும் அவர்தான். முதலில் சொன்னது எல்லோருக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. இரண்டாவதை எவரும் பேசக் காணோம். அதனால்தான் இந்த இரங்கல் குறிப்பைப் பத்திரிகைக்கு எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் இருவரும் ஒரே வருஷம் ரயில்வேயில் சேர்ந்தவர்கள். அவர் சுத்த சைவம். எனக்கோ மீன் இல்லாவிட்டால் சோறு இறங்காது. "உன் பக்கத்துல ஒக்காந்தா மீன் பாசார்ல ஒக்காந்த மாதிரி இருக்கு மாணிக்கம்" என்று மூக்கைப் பொத்திக்கொள்வார். பொத்திக்கொண்டே என் பக்கத்தில்தான் உட்காருவார். அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் தூண்டிலும் கையுமாக என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, ஆளுக்குப் பித்துப் பிடித்துவிட்டதோ என்றுதான் நினைத்தேன்.

மனைவி பிரசவத்தில் போன பிறகு அவருக்கென்று இருந்தது மகள் கனகம் ஒருத்திதான். நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் கடுமையான காய்ச்சல். கொயினா மருந்து கொடுத்தும் இறங்கவில்லை. பக்கத்து வீட்டில் அவளை விட்டுவிட்டு, லீவில் போனவருக்கு மாற்றாளாக ரவாங் ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். அங்கே ஈயம் தோண்டிவிட்டுக் கைவிட்ட பெரிய குட்டை ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரத் துரை ஒருவர் அதில் தூண்டில் போட்டு, தோமான் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் பெரிய விராலை இழுத்துப் போட்டார். தூக்கிப் பார்த்தார், சிரித்தார், திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிட்டார். பிடித்த மீனைத் திருப்பி விடுகிறவனைச் சிதம்பரம் அதுவரை பார்த்ததில்லை. அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டாராம். "முருகா, அதுக்குக் கெடச்ச உசுரு எம்புள்ளைக்கும் கெடைக்கட்டும். நானும் உசுருப்பிச்சை போடுறேன்" என்று நேர்ந்துகொண்டாராம். வீட்டுக்கு வந்து பார்த்தால் கனகத்துக்கு வேர்த்துக் கொட்டி, காய்ச்சல் விட்டிருந்தது.

அடுத்த ஞாயிறு என்னையும் இழுத்துக்கொண்டு ரவாங்குக்குப் போனார். முதலில் மாட்டியது ஒரு தோமான், வாலில் ஒரு துண்டு இல்லாதது. துள்ளாமல் இருக்கச் சாக்குத் துணியால் அழுத்திப் பிடித்தார். தூண்டில் முள்ளைப் பிடுங்கினார். அதன் தலையில் மூன்று விரலால் விபூதியை அழுத்திப் பூசி, "கனகம்" என்று பெயர் சொல்லித் தண்ணீரில் விட்டார். "வாயில ரத்தம் வருதேய்யா" என்றேன். "தண்ணி பட்டா ஆறிரும்" என்றார். இத்தனை கஷ்டப்பட்டுப் பிடித்ததைக் குழம்புக்குக் கொடுக்கக் கூடாதா என்று கேட்டதற்கு, "நீ கேக்குறது உசுருலா!" என்று முறைத்தார். உலகத்திலேயே மீன் பிடிப்பதைப் புண்ணியமாக்கிய ஒரே சைவன் நீதான் என்று ரயிலில் வரும் வழியெல்லாம் கிண்டல் செய்தேன். அவரும் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டில் பிள்ளைக்குக் கட்டி உடைந்தது, இன்னொரு வீட்டில் பேதி நின்றது. ஞாயிற்றுக்கிழமை ரயிலில் தூண்டிலோடு ஏறுகிறவர்கள் கூடினார்கள். அதிகம் பிடித்தால் அதிகப் புண்ணியம் என்றும் ஆயிற்று. வாலில் துண்டு போன அந்தத் தோமான் மட்டும் அடிக்கடி வந்து மாட்டியது. "கனகம் மீனு வந்துருச்சு! பேரச் சொன்னா வருதுலா!" என்று கரையே கூத்தாடும். கனகத்தையும் அழைத்து வந்து அதைத் தொட்டுக் கும்பிட வைத்தார்கள். இதற்கெல்லாம் மேலாக, ஒரு ஞாயிறு அது மேலே வந்தபோது, தலையில் வெள்ளைக் கோடுகள் அப்படியே இருந்தன. போன தடவை பூசிய விபூதி தண்ணீரில் கரையவில்லை என்று எல்லோரும் மெய்சிலிர்த்துப் போனார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். சிதம்பரம் கண்ணீர் விட்டார்.

அந்தக் கோடுகள் வாரா வாரம் தடித்தன. பிறகு ஒரு ஞாயிறு அவர் அதை இழுத்துப் போட்டுச் சாக்கால் பிடித்தபோது, விபூதியைத் தொட்டுப் பார்த்தார். விரலில் வந்தது விபூதியல்ல, பஞ்சு மாதிரி ஒரு பூஞ்சணம். அடியில் தோல் அழுகி, சதை தெரிந்தது. அவர் விரல் பதிந்த இடம், சாக்கு அழுத்திய இடம், அத்தனையிலும் அதே வெள்ளை. மீன் உடம்பில் இருக்கும் வழுவழுப்பை நாங்கள் ஒவ்வொரு தடவையும் துடைத்து எடுத்திருக்கிறோம். அதுதான் அதற்குக் காப்பு. தாடையோ முள் பிடுங்கிப் பிடுங்கிக் கிழிந்து தொங்கியது. அந்த வாயால் ஒரு குஞ்சு மீனைக்கூட விரட்டிப் பிடிக்க முடியாது. பெயர் சொன்னால் வருகிறது என்றோமே, பசி தாங்காமல் முன்னால் விழுந்ததையெல்லாம் கவ்வியிருக்கிறது. அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு அது கரையோரம் மல்லாந்து கிடந்தது. மற்றவர்கள் ரயிலிறங்கி வருவதற்குள் அவர் கையாலேயே குழி தோண்டிப் புதைத்தார். கனகத்திடம் மட்டும் சொல்லிவிடாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அதோடு தூண்டிலைத் தொடவில்லை. ஆனாலும் குட்டைக்குப் போவதை நிறுத்தவில்லை. கரையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். முன்பெல்லாம் மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுப் போகும் மீன்கள், ஆள் நிழல் விழுந்தாலே ஆழத்துக்கு ஓடுவதைக் காட்டினார். ஒருநாள் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்த தோமானை எவரோ பிடித்து, பெயர் சொல்லி, பூசி முடித்து விடுவதற்குள், சின்ன மீன்கள் அந்தச் சிவப்புக் குஞ்சுகளை வளைத்துத் தின்று தீர்த்துவிட்டன. விட்ட தோமான் அங்கே திரும்பி வரவே இல்லை. "நீ தின்னுருந்தா ஒரு வலியோட போயிருக்கும்யா. நான் வாரா வாரம் கொடுத்தேன். கொடுத்துட்டுப் புண்ணியம்னு வேற சொன்னேன்" என்றார். எனக்குக் கிண்டல் செய்ய வாய் வரவில்லை.

பிறகு உங்களிடம் வந்தார். ஒவ்வொருவரையும் கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்றார். பண்டமாரானிலிருந்து வரும் ஓர் அம்மா, இடுப்பில் காய்ச்சல் பிள்ளையோடு அவருக்கு எதிரே நின்று கேட்டதை நான் மறக்க மாட்டேன். "ஒங்க புள்ள பொழச்சிருச்சுண்ணே. இப்ப எம்புள்ளைக்கு மட்டும் வேணாங்கிறீங்களே. நான் வேற எங்க போவேன்?" சிதம்பரமே ஒரு மீனைப் பிடித்து அந்த அம்மா கையில் கொடுத்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. கொடுக்கவில்லை. திரும்பி நடந்தார். அன்றைக்கு மனிதர் ஒடிந்தார். அதன் பிறகு எந்தக் காய்ச்சல் வந்திருந்தாலும் அவரைக் கொண்டுபோயிருக்கும்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, "நிறுத்துனாங்களா மாணிக்கம்?" என்று கேட்டார். இல்லை என்றேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எரித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும்போதே முத்தையா ஆரம்பித்தான். "பதினாறாம் நாளு எல்லாரும் குட்டைக்குப் போறோம்ணே. சிதம்பரண்ணே பேரச் சொல்லி, ஆளுக்கொரு மீன் பிடிச்சு விடணும். மொத மீனக் கனகம் விடட்டும்." அவர் வேண்டாம் என்றாரே என்று சொன்னேன். "அது காய்ச்சல் வேகத்துல பேசுனதுண்ணே. நம்ம கையில தூண்டியக் குடுத்ததே அவருதானே" என்றான். சுற்றியிருந்த தலைகளெல்லாம் ஆடின. முத்தையா கெட்டவனல்ல. சிதம்பரத்துக்குத் தோள் கொடுத்தவன் அவன்தான். கெட்டவனாக இருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

கனகம் எனக்குக் காப்பி கொண்டுவந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள். "மாமா, அன்னைக்கி என் மீனு வருமா? அப்பா அப்புறம் என்னையக் கூட்டிட்டே போகல. இப்ப ரொம்பப் பெருசாயிருக்கும்ல?" அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த ஒரே வெளிச்சம் அந்தக் கேள்விதான். நான் காப்பியைக் குடித்தேன். நேரமாகிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

போனவரிடமிருந்து நமக்கு என்ன மிஞ்சியது என்று எழுதி முடிப்பது வழக்கம். நல்ல குணம், நல்ல வார்த்தை என்று எழுதலாம், எல்லாம் இருந்தன. எனக்கு மிஞ்சியது அவர் தன் மகளிடம் சொல்லப் பயந்த ஒரு செய்தி. அவருக்குக் கொடுத்த சத்தியத்தை இங்கே மீறுகிறேன். கனகம், நீ படிக்கத் தெரிந்த பிள்ளை. இது அச்சாகி உன் கைக்கு வருவதற்குள் பதினாறாம் நாள் முடிந்திருக்கும். நீயும் முதல் மீனை விட்டிருப்பாய். தடுக்க எனக்குத் தெம்பில்லை. உன் மீன் செத்து இரண்டு வருஷமாகிறது, அம்மா. நீ பிழைத்தது அதனால் அல்ல. எதனால் என்று உன் அப்பாவுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியாது.