கூடைக்காரர் கேட்ட புத்தி

வயதானால் மூளையைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்ற கட்டுரைகளை நான் பத்திரிகைகளிலிருந்து கத்தரித்து வைக்கிறேன். எந்த பீரோவில் வைத்தேன் என்பதுதான் பிடிபடவில்லை. நஷ்டமில்லை. அவற்றில் உள்ளவையெல்லாம் எங்கள் பெரியப்பா மைசூரில் என் கண்முன் செய்துகாட்டியவைதான். சுதந்திரத்துக்குப் பின் மகாராஜா பட்டம் போய், கவர்னர் மாதிரி 'ராஜப்பிரமுகர்' ஆகி, ஊர் அந்தச் சொல்லைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. எனக்கு எட்டு வயது.

பெரியப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். பெரியம்மா போனபின் எங்கள் அக்ரஹாரத்து வீட்டின் பக்கத்துப் போர்ஷனில் தனியாக இருந்தார், சாப்பாடு எங்களோடு. அவருடைய அப்பா கடைசிக் காலத்தில், பெற்ற பிள்ளையையே பார்த்து, "நீ யாராத்துப் பிள்ளை?" என்று மரியாதையாக விசாரித்தவராம். தானும் ஒருநாள் அப்படிக் கேட்டுவிடக் கூடாது என்பதுதான் பெரியப்பாவின் ஒரே கவலை. அதற்காக விடிகாலையில் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாக ஒப்பிப்பார். கோட்டுப் பொத்தானை இடக்கையால் போடுவார். தினம் ஒரு புது ஆளோடு பேசியாக வேண்டும். சாயங்காலம் நடந்துபோய், போன வழியில் திரும்பாமல் வேறு வழியில் வரவேண்டும். ஒன்பது மணிக்குத் தூக்கம். நடைக்கு நான் துணை.

பம்பாயில் வேலையாயிருந்த அவருடைய பிள்ளையும் (எனக்கு அண்ணா), நான் மன்னி என்று கூப்பிடும் அவர் மனைவியும் வந்தார்கள். பெரியப்பாவைக் கையோடு அழைத்துப்போவதாகத் திட்டம். மூன்றாம் மாடி வீடாம். "அங்கே யாரோட பேசறது, புறாவோடயா?" என்று பெரியப்பா மறுத்துவிட்டார்.

மன்னிக்கு மதராஸ். கன்னடம் சுத்தமாகத் தெரியாது. முதல் நாள் பெரியப்பா, "பிரயாணம் சௌக்கியம், அல்வா?" என்று, 'இல்லையா'வுக்குக் கன்னட 'அல்வா'வைச் சேர்க்கும் எங்கள் வழக்கப்படி கேட்டதும் தட்டைப் பார்த்தாள். உப்புமாதான் இருந்தது. மறுநாள் காலை, கிணற்றடியில் ஒரு பெரியவர் நின்றுகொண்டு, "நூற்றறுபது, நூற்று நாற்பத்து நாலு" என்று இறங்கிவருவதைக் கேட்டாள். பிறகு அதே பெரியவர் இடக்கையால் பொத்தான் போட்டு, கோட்டின் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நிற்பதைப் பார்த்தாள். அவள் முகம் எப்படியோ ஆயிற்று.

அந்த நேரம் பார்த்து நஞ்சன்கூட்டிலிருந்து ரசபாளை வாழைப்பழம் கொண்டுவரும் கூடைக்காரர் வாசலில் வந்து நின்றார். "புத்தியோரு இல்வா?" என்று உரக்கக் கேட்டார்.

"என்னடி கேக்கறான்?" என்றாள் மன்னி.

கன்னடத்தில் வகுப்பிலேயே முதல் மார்க் வாங்குகிறவள் நான். யோசிக்கக்கூட இல்லை.

"புத்தி இல்லையான்னு கேக்கறார், மன்னி."

"யாருக்கு?"

"பெரியப்பாவுக்குத்தான். தினம் வந்து கேப்பார்."

மன்னி உள்ளே ஓடினாள். "கேட்டேளா? கூடைக்காரன் வரைக்கும் தெரிஞ்சிருக்கு! நாமதான் நன்னா இருக்கேன்னு அவர் எழுதற லெட்டரை நம்பிண்டு இருந்திருக்கோம்!"

அண்ணாவுக்குக் காப்பி புரையேறியது. இந்தப் பக்கத்துக் கிராமத்தார் பெரிய மனிதர்களை 'புத்தி' என்றுதான் மரியாதையாக அழைப்பார்கள், 'ஐயா இல்லையா' என்பதுதான் கேள்வி என்று அவர் இருமிக்கொண்டே விளக்கினார். என் பள்ளிக்கூடத்துக் கன்னடத்தில் இது இல்லை. வீடே சிரித்தது. என்னைப் பார்த்துத்தான். எல்லாரையும்விடப் பெரியப்பா அதிகம் சிரித்தார். "புத்தியோரு இங்கேயே இருக்காரப்பா, பழத்தை எறக்கு!" என்று வாசலைப் பார்த்துக் கன்னடத்தில் கூவினார்.

சிரிப்பு அடங்கியதும் அண்ணா, "சரிப்பா, நீங்க இங்கேயே இருங்கோ. உங்களுக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்லை," என்றார். பெரியப்பா ஜெயித்துவிட்டார். மன்னிகூட இரண்டு பழம் சாப்பிட்டாள்.

அன்று சாயங்காலம் வழக்கம்போல நடக்கப் போனோம். திரும்பும்போது அக்ரஹாரம் சர்க்கிளில் பெரியப்பா நின்றுவிட்டார். நாலு பக்கமும் பார்த்தார். சாமுண்டி மலையையும் ஒருதரம் பார்த்துக்கொண்டார். ஒரு ஜட்கா வந்து, மணியடித்து, எங்களைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

"இன்னிக்கு நீதான் வழி சொல்லணும்டி," என்றார்.

"தப்பாச் சொன்னா?"

"திட்ட மாட்டேன்."

துணையாயிருந்த எனக்கு வழிகாட்டியாகப் பதவி உயர்வு! இரண்டு தெரு தள்ளியிருந்த வீட்டுக்கு, மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு அழைத்துப் போனேன். வழியெல்லாம் என் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். எங்கள் வீட்டைத் தாண்டி நடக்கப் பார்த்தவரை நான்தான் இழுத்து நிறுத்தினேன். "நம்மாம் இதுதான், பெரியப்பா!"

"பரவால்லையே. கண்டுபிடிச்சுட்டியே," என்றார்.

ராத்திரிச் சாப்பாட்டில், மோர்சாதத்துக்கு வந்த பிறகு, அண்ணாவிடம், "எனக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கிடு," என்றார். அப்பா ஏன் என்று கேட்டார். "பம்பாய் பெரிய ஊர். புதுப்புது வழியா இருக்கும்," என்றார் பெரியப்பா. அவருடைய சட்டங்களுக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது. யாரும் மேலே கேட்கவில்லை.

எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. அத்தனை சரியாக வழி காட்டியிருக்கிறேன். அன்று ராத்திரியே இன்னொரு ஊருக்கு டிக்கெட் வாங்கச் சொல்கிறார் மனுஷர். ரயிலேறும் வரை, மூன்று நாள், நான் பெரியப்பாவோடு பேசவில்லை.